உச்சி முதல் உள்ளங்கால் வரை

(திங்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



மூளையைப் பற்றியும், அதற்குச் செய்தி கொண்டு செல்லும் உணர்நரம்புகளைப் பற்றியும் பேசுமாறு பணித்துள்ளீர்கள். "இப்பொருளைத் தமிழிற் சொல்ல ஒண்ணுமா?" என்று ஐயுறுவார் இன்றும் உளர். அவ்வையத்திற்கு முழக்கங்களால் விடை கூறுவதில் எனக்கு விருப்பமில்லை. சொல்லிக் காட்டுவதே விடை. அன்றியும், நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே அறிந்திருந்தனர் என்று நிறுவவும் யான் வரவில்லை. அறியாததை அறிந்ததாகக் கூறுவது மொழிப்பற்று ஆகாது.

முதலில் 'நரம்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழில் இழுத்துக் கட்டிய இழைக்கும், உடலுள் ஓடும் இழைக்கும் தமிழில் ஒரே பெயர். ஒரு முனையில் மீட்டினால் மறுமுனை அதிர்வது யாழ்நரம்பு. ஒரு முனையில் தொட்டால் மறுமுனை அறிவது உடல்நரம்பு. எனினும், இப்பெயரைச் சூட்டியோர் உடலைக் கீறிப் பார்த்து இவ்வொற்றுமை கண்டனர் என்று எண்ணிவிடலாகாது. தோலின்கீழ்க் கயிறுபோற் புடைத்துத் தெரிந்த எல்லாவற்றையும் அவர்கள் நரம்பு என்றனர். கிரேக்கரும் அவ்வாறே செய்தனர். ஆங்கில மருத்துவச் சொற்கள் பலவற்றிற்கு வேராகிய 'நியூரான்' என்னும் கிரேக்கச் சொல் முதலில் தசைநாணையும் நாணையுமே குறித்தது. அவர்களுடைய பேரறிஞர் அரிசுடாட்டில், அறிவின் இருப்பிடம் நெஞ்சாங்குலை என்றும், மூளை குருதியைக் குளிர்விக்கும் உறுப்பு என்றும் எழுதினார்.

இக்குழப்பம் நம் பேச்சு வழக்கில் இன்றும் நிலவுகிறது. "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்கிறோம். ஊசி ஏறியது குருதி நாளத்தில். நரம்பில் ஏறியிருந்தால் கை முழுதும் மின்னல் பாய்ந்தாற்போல் அலறியிருப்போம். சுவர்தோறும் ஒட்டப்படும் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்களும் இக்குழப்பத்தில் தழைப்பவையே. நாளம் வேறு, நாண் வேறு, நரம்பு வேறு. மூன்றிற்கும் தமிழில் மூன்று சொற்கள் உள. அவற்றைப் பிரித்து வழங்கினாலே பாதி அறியாமை நீங்கும்.

இனி, மூளை. வளர்ந்த மாந்தனுக்கு அதன் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆயினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் உயிர்வளியில் நூற்றுக்கு இருபது பங்கை இஃதொன்றே உண்கிறது. மூன்று உறைகள் போர்த்து, மண்டையோட்டினுள் தெளிந்த நீரில் மிதக்கிறது. அந்நீர் இல்லையேல் தன் எடையாலேயே அடிப்புறம் நசுங்கிவிடும். நீரில் மிதத்தலால் அதன் எடை ஏறத்தாழ 50 கிராம் அளவாகவே தோன்றும்.

பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என மூன்று பெரும்பகுதிகள். பெருமூளை வல, இட அரைகளாகப் பிளவுண்டு, நடுவே தடித்த இழைப்பாலத்தால் பிணைக்கப்பட்டுள்ளது. அதன் மேற்பரப்பாகிய புறணி சாம்பல் நிறத்தது. மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. ஒவ்வோர் அரையும் நான்கு மடல்கள் கொண்டது. அவற்றின் ஆங்கிலப் பெயர்களை மனப்பாடஞ் செய்ய முதலாண்டு மருத்துவ மாணவர் இரவெல்லாம் விழிக்கின்றனர். நமக்கு அத்துன்பம் இல்லை. நெற்றி மடல், உச்சி மடல், பொட்டு மடல், பிடரி மடல் என்க. நெற்றியும் உச்சியும் பொட்டும் பிடரியும் எவையென எழுதப்படிக்கத் தெரியாத பாட்டியும் தொட்டுக் காட்டுவாள். நெற்றி மடல் திட்டமிடவும் தசைகளை ஏவவும் வல்லது. உச்சி மடல் தொடுவுணர்வு சேரும் இடம். பொட்டு மடலில் கேள்வியும் நினைவும். பிடரி மடலிற் பார்வை. இவை முற்றும் பிரிந்த தனியறைகள் அல்ல. பெரும்பாலான செயல்களுக்குப் பல மடல்களும் கூடியே உழைக்கின்றன.

சிறுமூளை பிடரியின் கீழ் ஒடுங்கிக் கிடப்பது. எடையில் மூளையின் பத்திலொரு பங்கே. ஆனால் நரம்புக் கண்ணறைகளுள் பெரும்பகுதி அங்கேதான் செறிந்துள்ளது. உயிரணு எனப் பாடநூல்கள் கூறுவதையே யான் கண்ணறை என்கிறேன். மூளையில் 10,000 கோடி நரம்புக் கண்ணறைகள் உள்ளன என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். பிரேசில் நாட்டு ஆய்வாளர் 2009-இல் எண்ணிக் கணித்துக் கூறியது ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றுள் 6,900 கோடி சிறுமூளையில் உள. கயிற்றின்மேல் நடப்பவனுக்கும் முழவு கொட்டுபவனுக்கும் உடலை நேர்நிறுத்தி, அசைவை அளந்து தருவது அதுவே. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியாகிய முகுளம் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் ஆள்கிறது. அங்கு ஊறு நேரின் உயிர் தங்காது.

நரம்புக் கண்ணறை பிற கண்ணறைகளைப் போல் உருண்டையோ கட்டமோ அன்று. ஒருபுறம் வேர்த்தூவிபோற் குறுங்கிளைகள். அவை செய்தி வாங்குவன. மறுபுறம் ஒற்றை நெடுவிழுது. அது செய்தி கொடுப்பது. ஒன்றன் விழுது முனை மற்றொன்றன் கிளையை நெருங்கி நிற்கும், பெரும்பாலும் தொடாது. இடையே நுண்ணிய வெளி. அதனைக் 'கூடல்வாய்' என்போம். மின்துடிப்பாக வந்த செய்தி அங்கே வேதிப்பொருளாகச் சொரிந்து, அடுத்த கண்ணறையில் மீண்டும் மின்துடிப்பாக எழுகிறது. நரம்பு மண்டலம் முழுதும் அறுபடாத ஒரே வலையா, தனித்தனிக் கண்ணறைகளின் தொடரா என்பது பற்றி இத்தாலியர் கோல்கிக்கும் இசுபானியர் காகாலுக்கும் பெரும்பூசல். 1906-இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்தனர். பரிசு பெற்ற மேடையிலும் கோல்கி தம் வலைக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. காகாலே சரியென்று பின்னர் உறுதியாயிற்று. கோல்கி கண்டுபிடித்த நிறமூட்டும் முறையைக் கொண்டே காகால் அவரை வென்றார் என்பது இதில் நகைச்சுவை.

இப்பொழுது, உங்கள் கால் பெருவிரலை ஓர் எறும்பு தொடுகிறது எனக் கொள்வோம். தோலில் உள்ள உணரி ஒன்று தூண்டப்படுகிறது. அச்செய்தியைத் தாங்கும் கண்ணறையின் உடல் எங்கே உள்ளது? இடுப்பருகே, முதுகெலும்பின் ஓரத்தில். அதன் ஓர் இழை பெருவிரல் வரை இறங்குகிறது. மற்றோர் இழை தண்டுவடத்தின் வழியே முகுளம் வரை ஏறுகிறது. பெருவிரலிலிருந்து பிடரி வரை ஒரே கண்ணறை! ஐந்தடி நீளம், கண்ணுக்குத் தெரியா நுண்மை. முகுளத்தில் அது செய்தியை இரண்டாங் கண்ணறைக்குக் கைமாற்றும். இரண்டாவது, உடலின் நடுக்கோட்டைக் கடந்து எதிர்ப்புறம் சென்று 'தலாமசு' என்னும் திரளை அடையும். அக்கிரேக்கச் சொல்லுக்கு உள்ளறை என்பது பொருள். நாமும் உள்ளறை என்றே கூறலாம். அங்கிருந்து மூன்றாங் கண்ணறை உச்சி மடலுக்கு ஏறும். அப்பொழுதே "வலக்கால் பெருவிரலில் ஏதோ ஊர்கிறது" என அறிகிறோம். வலக்கால் எறும்பை அறிவது இட மூளை.

இது மென்தொடுகையின் வழி. வலிக்கும் வெம்மைக்கும் வழி வேறு. அவை தண்டுவடத்துள் நுழைந்த உடனேயே கைமாறி, அங்கேயே எதிர்ப்புறம் கடந்துவிடுகின்றன. இதனால் நேரும் வியப்பு ஒன்றுண்டு. கத்திக்குத்தால் தண்டுவடத்தின் வலப்பாதி மட்டும் அறுபட்டவனுக்கு, வலக்காலில் மென்தொடுகையும் அசைவும் போய்விடும். இடக்காலில் வலியும் வெம்மையும் தெரியாமற் போகும். பிரௌன் செக்கார் என்னும் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதனைத் தெளிவுறுத்தினார். ஒருவன் எந்தக் காலில் எதனை உணர்கிறான் என்று கேட்டே, பிளக்காமல், எங்கு வெட்டுண்டது என்று கூறிவிடலாம்.

விரைவிலும் இவை வேறு. நரம்புச் செய்தியின் விரைவை அளக்கவே இயலாது என்று அறிஞர் சிலர் எண்ணியிருந்த காலத்தில், எல்ம்கோல்ட்சு என்னும் செருமானியர் 1850-இல் தவளையின் நரம்பில் அதனை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 90 அடி என்றார். மாந்தனின் தொடுநரம்புகள் நொடிக்கு 100 அடிக்கு மேலும் ஓடுவன. கொழுப்புறை போர்த்த இழைகள் அவை. உறையற்ற மெல்லிழைகளோ நொடிக்கு ஆறடிக்கும் குறைவாகவே ஊர்கின்றன. இருட்டில் கட்டிற்காலில் விரலை இடித்துக்கொண்டவர் யாவரும் இதனை அறிவர். முதலில் 'சுள்'ளென்று ஒரு குத்தல். ஒரு நொடி கழித்து உள்ளூர எழும் கடுப்பு. முன்னது விரையும் இழையின் செய்தி. பின்னது ஊரும் இழையின் செய்தி.

கனடா நாட்டு மாண்ட்ரியலில் வைல்டர் பென்பீல்டு என்னும் அறுவை மருத்துவர் வலிப்பு நோயாளரின் மண்டையோட்டைத் திறந்து, அவர்கள் விழித்திருக்கையிலேயே புறணியை மெல்லிய மின்முனையால் தொட்டார். மூளைக்குத் தன் வலியை உணரும் உணரிகள் இல்லை. ஆகவே இது கொடுமையன்று. ஓரிடம் தொட்டால் "கட்டைவிரல் கூசுகிறது" என்றனர். சற்றுக் கீழே தொட்டால் "உதடு" என்றனர். இவ்வாறு உச்சி மடலின் முன்விளிம்பில் உடல் முழுதும் வரையப்பட்டிருப்பதை 1937-இல் அவர் வெளியிட்டார். உருவந்தான் கோணல். கால் நடுவுச்சியில் தொங்குகிறது. கைக்குப் பக்கத்தில் முகம். முதுகு முழுதிற்கும் சிறுதுண்டு. உதட்டிற்கும் விரல்நுனிக்கும் பேரிடம். இதனை நீங்களே ஆய்ந்து பார்க்கலாம். கொண்டை ஊசியின் இரு முனைகளையும் சற்று அகற்றி, கண்மூடிய ஒருவரின் விரல்நுனியிற் பதியுங்கள். ஓரிரு நெல்மணித் தடிமன் இடைவெளி இருந்தாலே "இரண்டு" என்பார். முதுகிலோ, ஓர் அங்குலம் அகற்றினும் "ஒன்று" என்பார்.

கையிழந்தார் சிலர்க்கு இல்லாத கை நோகும். தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எசு. இராமச்சந்திரன், கலிபோர்னியாவில் 1990-களில் அத்தகையோரின் கன்னத்தைப் பஞ்சுமுனையால் வருடினார். அவர்கள் தம் இல்லாத விரல்களை வருடுவதாக உணர்ந்தனர். படத்திற் கைக்குப் பக்கத்தில் முகம் உள்ளதன்றோ? செய்தி வாராமல் வறண்ட கையின் வயலில் பக்கத்து வயல் நீர் பாய்ந்துவிட்டது. அவர் செய்த கருவி ஆடி பொருத்திய ஓர் எளிய பெட்டியே. இருக்கும் கையை ஆடியில் கண்டு, இழந்த கை அசைவதாக மூளை நம்ப, நோவு சிலர்க்குத் தணிந்தது.

பிற பொறிகளைச் சுருங்கக் கூறுவேன். மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 இணை. தண்டுவடத்தினின்று புறப்படுவன 31 இணை. முதலிணை மணத்திற்கு, இரண்டாவது பார்வைக்கு, எட்டாவது கேள்விக்கு. விழித்திரையில் மங்கொளி காண்பவை ஏறத்தாழ 12 கோடி; நிறங் காண்பவை 60 இலக்கம். ஆனால் பார்வை நரம்பில் இழைகள் ஏறத்தாழ 10 இலக்கமே. ஆகவே கண் வெறுந் துளையன்று. கண்டதைச் சுருக்கி எழுதி அனுப்பும் எழுத்தர். செவியின் நத்தைச் சுருள் இரண்டரைச் சுற்று. அதன் அடியில் கூரொலியும் முடியில் தாழொலியும் உணரப்படும். அங்குள்ள மயிர்க் கண்ணறைகள் அழிந்தால் மாந்தர்க்கு மீண்டும் முளையா. ஒலிபெருக்கியின் வாய்க்கருகே குழந்தையை அமர்த்தும் பெற்றோர் இதனை எண்ணுக. நம் கூட்டங்களுக்கும் இது பொருந்தும்.

மூக்கு மட்டும் தனிப்போக்கு உடையது. பிற பொறிகளின் செய்தி உள்ளறையைக் கடந்தே புறணி சேர, மணமோ அவ்வாயிலில் நில்லாமல் நேரே உட்புகுந்து, உணர்ச்சிக்கும் நினைவிற்கும் உரிய பகுதிகளைத் தொடுகிறது. முதல்மழை மண்மணம் எதிர்பாராமல் நெஞ்சை உலுக்குவதற்கு இவ்வழியமைப்பே காரணம் என்பர்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். தொடுதல், சுவைத்தல், மோத்தல், காண்டல், கேட்டல், அவற்றின்மேல் மனம். இதனைக் காட்டி, "தொல்காப்பியர் நரம்பியல் வல்லார்" என்று மேடையில் முழங்குவோரை யான் ஒப்பேன். அவர் நரம்பைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவர் செய்தது சிறிதன்று. உயிர்களை உருவாலன்றி, எதனை உணர வல்லன என்பதால் வகுத்தார். தொடுகையை எல்லாவற்றிற்கும் அடியில் வைத்தார். அறிதலைப் பொறிகளோடு சேர்த்தும், பொறிகளினின்று பிரித்தும் எண்ணினார். அவ்வளவைச் சொன்னாலே போதும், பெருமை குறையாது.

இன்னொன்று. தமிழுக்கென மூளையில் தனியறை உண்டு என்றும் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். பாரிசில் பிரோக்கா 1861-இல் ஒரு நோயாளியைக் கண்டார். 'தான்' என்னும் ஓரசை தவிர வேறு பேச இயலாதவர், சொல்வதைப் புரிந்துகொள்வார். இறந்தபின் பார்த்தபோது இட நெற்றி மடலிற் சிதைவு இருந்தது. பேச்சு பெரும்பாலோர்க்கு இட மூளையைச் சார்ந்தது என்பது அன்றுமுதல் உறுதிப்பட்டது. ஆனால் அவ்விடம் எம்மொழிக்கும் பொது. எந்த மொழியும் எந்தக் குழந்தைக்கும் பிறப்பிலேயே எழுதப்பட்டதில்லை. செவிவழி நுழைவதே மொழி. கனடாவில் வெர்க்கரும் டீசும் 1984-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகள், ஆறேழு திங்களில், இந்தியில் உள்ள தகர டகர ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் பெரும்பாலும் மங்கிற்று. அவ்வொலிகளை நாளும் கேட்ட குழந்தைகள்பால் அது நிலைத்தது. கேளாத ஒலிக்குச் செவி மெல்லக் கதவடைக்கிறது. நம் ழகர ளகரங்களை அவர்கள் ஆயவில்லை. ஆயினும் தாலாட்டிற்கு மாற்றாகக் கைப்பேசியில் ஆங்கிலப் பாட்டை ஓடவிடும் தாய்மார் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்னும் வினா புதிதன்று, விடையும் புதிதன்று. அமெரிக்கர் சாமுவேல் கிரீன், கிறித்தவ நெறி பரப்ப வந்த மருத்துவர், 1847-இல் யாழ்ப்பாணம் அடைந்தார். மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். ஆங்கிலம் கற்ற மாணவர் ஊரை விட்டுப் பணிதேடி ஓடுகின்றனர், தமிழிற் கற்றவர் ஊரிலேயே தங்குவர் என்பது அவர் கண்ட உண்மை. ஆங்கில உடற்கூற்று நூலைத் தமிழாக்கி 1872-இல் வெளியிட்டார். அதன் பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. நமக்கு இப்பெயர் கசக்கிறது. மாந்த உடற்கூறு என்றிருக்கலாம். அக்காலப் புலவர் வழக்கு அவரை வடசொல்லுக்கு இழுத்தது. எனினும் கடல்கடந்து வந்த ஒருவர் செய்து முடித்ததை, இங்கேயே பிறந்தோர் இயலாதென்பது அதனினும் கசப்பானது.

இறுதியாக, வலி. பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர் 1914-இல் நம் கொல்லிமலையிற் பிறந்தவர். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயரின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பியிருந்தது. அவர் ஐயுற்றார். பூட்டில் இறுகிய சாவியைத் தம்மால் திருப்ப இயலாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதில் திருப்பக் கண்டார். சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்கோ தெரியவில்லை. இரவில் உறங்குகையில் எலிகள் விரலைக் கடித்தும் விழியாதோர் இருந்தனர். நோய்நுண்ணுயிர் தோலருகே ஓடும் குளிர்ந்த நரம்புகளை அழிக்கிறது. உணர்விழந்த கையைத் தீயும் கத்தியும் எலியும் அழிக்கின்றன. இதனை அவர் மெய்ப்பித்ததும், பூனை வளர்க்கச் செய்வதும் மிதியடி தைப்பதும் அங்கே மருத்துவம் ஆயின.

இன்று அதே கேடு நீரிழிவு வழியாக நம் வீடுகளில் நுழைகிறது. நெடிய நரம்புகளே முதலில் நலிவதால், உள்ளங்காலில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மேலேறும். அதனை நோயாளி எவ்வாறு சொல்கிறார்? "எரியுது, மதமதன்னு இருக்கு, எறும்பு ஊறுது, பஞ்சுமேல நடக்கிறாப்ல இருக்கு" என்கிறார். இவை வெறும் புலம்பல் அல்ல. எரிச்சல் மெல்லிழைகள் நலிவதைக் காட்டுவது. பஞ்சின்மேல் நடக்கும் உணர்வு தடித்த இழைகள் நலிவதைக் காட்டுவது. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, பிசைவு, தெறிப்பு, நமைச்சல், கூச்சம், விறுவிறுப்பு, மரத்தல் என நம் தாய்மார் வாயில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு நுண்கருவி. இவ்வளவையும் கேட்டு, "வலி" என ஒற்றை ஆங்கிலச் சொல்லால் சீட்டில் எழுதிவிடும் மருத்துவர் கையில் வந்த செய்தியைக் கீழே போட்டுவிடுகிறார். நோயாளியின் நரம்பு முகுளம் வரை ஒழுங்காகக் கொண்டுவந்த செய்தி, மொழியென்னும் கூடல்வாயில் அறுந்துபோகிறது.

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். உங்கள் ஊரில் நோவைக் குறிக்க வழங்கும் சொற்களை, யார் சொன்னார், உடலில் எவ்விடத்திற்குச் சொன்னார் என்னும் குறிப்போடு ஒரு தாளில் எழுதி, அடுத்த திங்கள் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். வட்டந்தோறும் வேறுபடும், வேறுபாட்டை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டா. நீரிழிவுடையோர் வீட்டில் இருப்பின், அவர்தம் உள்ளங்காலை நாள்தோறும் மாலையில் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். முள் தைத்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. வினாக்கள் இருப்பின் இப்பொழுது கேட்கலாம்.